பங்கேற்பாளர் எண் ஏழு

12 மார்ச் 2023, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், சாலாட்சி. மகன் தேவா. மருமகள் ருக்மணி. பேத்தி லோஷ்னி. லோஷ்னியோடு பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் நொக்வாஸி. ஞாயிறு தவறாமல் சமோசாப் பொட்டலத்தோடு வரும் என் தம்பி குப்பன். நாய் பிரின்ஸ். இத்தனை பேர் சாட்சியாக, மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு லோஷ்னி பொத்தானை அமுக்கிக் கட்டுரையை அனுப்பினாள். இரண்டரைக்குக் கரண்ட் போகும் முறை எங்கள் தெருவுக்கு. அதனால் அத்தனை அவசரம்.

கட்டுரை போனது நைரோபியில் இருக்கும் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு. ஆப்பிரிக்காவின் கூத்து, பாட்டு, கதை இவற்றைப் பற்றிப் படித்தவர்கள் எழுதி, படித்தவர்களே படிக்கிற பத்திரிகை. அதில் வந்தால் லோஷ்னியின் வேலை நிரந்தரம். வராவிட்டால் டிசம்பரோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். ஆறு வருஷமாக வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தத் தாள் என்று கையெழுத்துப் போட்டு வேலை பார்க்கிறாள்.

எதைப் பற்றி எழுதியிருக்கிறாள்? எங்கள் கூத்தைப் பற்றி. டர்பனுக்கு வடக்கே சர்க்கரை மில்லில், பேரக்ஸ் என்று நாங்கள் சொல்லும் தகரக்கூரை வரிசை வீடுகளில் நடந்த கூத்து. ஆண்கள்தான் ஆடுவார்கள். ஆண்கள்தான் பெண் வேஷமும் கட்டுவார்கள். எங்கள் அப்பா ராணி. அவர் கூத்து நோட்டைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கற்றேன். நோட்டு முழுக்க எனக்கு மனப்பாடம். இன்றும்தான்.

சாப்பிட்டு முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னேன். இங்கிலீஷில் இருந்ததை லோஷ்னி தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள். மற்ற பேரப்பிள்ளைகளுக்கு ஆயா என்ற ஒரு தமிழ்ச் சொல்தான் தெரியும். இவள் என் மடியில் வளர்ந்தவள். நடுவில், "பங்கேற்பாளர் எண் ஏழு சொல்கிறார்" என்றாள்.

"யாருடி அந்த ஏழு?"

"நீதான் ஆயா."

"எனக்குப் பேரு இல்லியா?"

"இருக்கு. பேசினவங்களுக்கு நாளைக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாதுன்னு பேரை மறைக்கச் சொல்றாங்க. யுனிவர்சிட்டில அதுக்கு ஒரு கமிட்டியே இருக்கு. உன்னைக் காப்பாத்தத்தான்."

"யாருகிட்டேர்ந்து? மில்லு சிர்தாரு செத்து அம்பது வருஷம் ஆச்சு. பேயா வந்து மேஸ்திரி வேலை பாக்கப் போறானா?"

தேவா சிரித்தான். ருக்மணி சிரிக்கவில்லை. அவள் அம்மா 1983-இல் எனக்குப் பரிமாறிய புரியாணியில் உருளைக்கிழங்கு மட்டும்தான் இருந்தது என்பதை நான் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

"எனக்கு முன்னாடி ஆறு பேரு யாரு?" என்றேன்.

"அதைச் சொல்லக் கூடாது ஆயா."

"கோவில் கமிட்டி ஆளுங்கதானே? அதுல ஒருத்தனுக்கு மிருதங்கத்துல எந்தப் பக்கம் வலந்தலைன்னு தெரியாது. அவன் ஒண்ணு, நான் ஏழு!"

நொக்வாஸியும் நானும் பேசிக்கொள்வது ஜூலுவில். எனக்கு அது மில்லில் வந்த பாஷை. அதில் பாட்டிக்குக் கோகோ என்று பெயர். விஷயத்தைச் சொன்னதும் அவள் லோஷ்னியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "கோகோ சொல்றது நியாயம். எங்க வீட்டுல ஒருத்தர் கட்டின புகழ்ப்பாட்டை அவர் பேரு சொல்லாம பாடினா, செத்தவங்களே எழுந்து வந்து கேப்பாங்க."

பிறகு 1956 ஏப்ரல் கதையைச் சொன்னேன். கட்டுரையில் அது பதினான்காம் பக்கம். எனக்குப் பதினொரு வயது. திரைக்குப் பின்னால் நானும் என் சிநேகிதி பாக்கியமும் யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்தோம். ராணி காட்டுக்குப் போகும் இடத்தில் அப்பாவுக்குப் பாட்டின் அடி மறந்துவிட்டது. மிருதங்கம் இரண்டு சுற்று வாசித்துப் பார்த்தது. அப்பா நிற்கிறார். நான் வாய்விட்டு எடுத்துக் கொடுத்தேன்: "வீடடைத்த வழியைக் காடே நீ திற." ராகத்தோடுதான் கொடுத்தேன். வேறு எப்படிக் கொடுப்பது? கூட்டம் முழுக்க ஒரு பெண் குரலைக் கேட்டது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தார்.

மறுநாள் காலை யாரோ என் பெயரைக் கூத்து வாத்தியாரிடம் சொல்லிவிட்டார்கள். பெண் வாய் திறந்தால் விரதம் கெட்டது என்று அப்பாவின் கிரீடத்தை வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் வேஷம் கட்டவே இல்லை. என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். யார் சொல்லியிருப்பார்கள்? என் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். கிளார்க் மகள் பாக்கியம். அவள் மேலே படித்தாள். பெரிய புரொபசர் ஆனாள்.

"காட்டிக் குடுத்துட்டுக் காலேஜுக்குப் போனவ" என்றேன்.

"ஆமாக்கா" என்றான் குப்பன். "ஆனா பழசை எதுக்குக் கிளறிக்கினு? அந்தப் பக்கத்தை எடுத்துட்டாலும் கட்டுரை நல்லாத்தான் இருக்கும்."

தங்கமான பிள்ளை. எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்று பார்க்கிறான்.

13 மார்ச், திங்கள்

லோஷ்னியோடு பேசவில்லை. டீ மட்டும் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அரை ஸ்பூன்.

5 ஏப்ரல், புதன்

சேம்பு தோண்டினேன். இங்கே அதற்கு மடும்பி என்று பெயர். இருபத்தி மூன்று கிழங்கு. போன வருஷம் இருபத்தொன்று.

லோஷ்னியோடு சமாதானம். அவளே வந்து காலடியில் உட்கார்ந்து விளக்கினாள். கட்டுரையை இரண்டு பேருக்கு அனுப்புவார்களாம். மதிப்பீட்டாளர்கள் என்று பெயர். எழுதியது யார் என்று அவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். படித்துக் குறை சொல்வது யார் என்று எழுதியவளுக்கும் சொல்லமாட்டார்கள். இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டித்தான் நியாயம் செய்வார்களாம்.

"என் கல்யாணமும் அப்படித்தான்டி நடந்துச்சு" என்றேன்.

படிவத்தையும் காட்டினாள். பெயரைப் போடலாம், போடக் கூடாது என்று இரண்டு கட்டம். என் கையெழுத்துக்கு முன்னாலேயே 'கூடாது' கட்டத்தில் இவள் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஏழு பேருக்கும் அப்படியே. கமிட்டியில் சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள் என்று.

"கேக்கணும்னு தோணலியா?"

"தோணல ஆயா. அதான் தப்பு."

ஒப்புக்கொண்டாள். அதனால் இதை மன்னித்துவிட்டேன். தேதி போட்டு எழுதி வைக்கிறேன், பிறகு பேச்சு மாறக் கூடாது.

27 மே, சனி

பதில் இல்லை. நிலக்கடலை வறுத்தேன்.

18 ஜூலை, செவ்வாய்

வந்துவிட்டது. லோஷ்னி கம்ப்யூட்டரை அடுப்பங்கரைக்கே தூக்கிக்கொண்டு வந்தாள்.

எடிட்டர் நைரோபியில் ஓர் அம்மாள். பெரிய திருத்தம் செய்து செப்டம்பர் முதல் தேதிக்குள் திருப்பி அனுப்பினால் பரிசீலிப்போம் என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் வேண்டாம் என்றுதானே அர்த்தம் என்றேன். இல்லையாம். இந்த உலகத்தில் இது நல்ல சேதியாம். வேண்டாம் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பார்களாம்.

முதல் மதிப்பீட்டாளர் ஒரு பக்கம். யாரோ பிரெஞ்சுக்காரரைச் சேர்க்கவில்லையே என்று வருத்தம். அப்புறம் ஒன்று சொல்லியிருக்கிறார்: "வயது முதிர்ந்த பங்கேற்பாளரின் ஞாபகத்தை எந்த அளவு நம்பலாம்?" இதை லோஷ்னி விழுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

இரண்டாம் மதிப்பீட்டாளர் ஏழு பக்கம். எண் போட்டு எண் போட்டு. ஒன்று, தாளம் தப்பு. இரண்டு, மில்லுக்கு ரயில் வந்த வருஷம் தப்பு. லோஷ்னிக்கு ஒவ்வொன்றுக்கும் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இரண்டும் சரியான திருத்தம். நானே சொல்லியிருப்பேன், இவள் கேட்கவில்லை.

நான்காவது எண்ணை நான் அப்படியே எழுதுகிறேன்: "ஆசிரியர் திரையைச் சிவப்புத் துணி என்கிறார். கூட்டத்துக்கு அது சிவப்பு. முன்பக்கம் மட்டும்தான் சாயம். பின்பக்கம் நான்கு மாவு மூட்டைகளைப் பிரித்துத் தைத்தது. சேவல் முத்திரை அழியாமல் இருந்தது."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இன்னொரு தடவை படி."

படித்தாள்.

"இதைக் கூட்டத்துல உக்காந்தவன் எவனும் பாத்திருக்க முடியாது. திரையைப் புடிச்ச ரெண்டு ஆம்பளையும் செத்தாச்சு. பின்னாடி உக்காந்திருந்தது ரெண்டே பேரு."

லோஷ்னிக்கு மெள்ளத்தான் ஏறியது. ஏறினதும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். யாரோ நைரோபியிலிருந்து ஒட்டுக்கேட்கிற மாதிரி.

"ஆயா, யாருகிட்டயும் சொல்லக் கூடாது! அவங்களுக்கு உன்னைத் தெரியும்னு எடிட்டருக்குத் தெரிஞ்சா இந்த ரிப்போர்ட்டு செல்லாது. வேற ஆளைத் தேடுவாங்க. இன்னும் ஆறு மாசம் ஆயிரும். டிசம்பர்ல நான் வீட்ல உக்காந்திருப்பேன்."

"அவளுக்கு நான்னு தெரிஞ்சிருக்குமா?"

"நீ பாடின அடியை முழுசா போட்டிருக்கேனே ஆயா."

தெரிந்திருக்கும்.

19 ஜூலை, புதன்

நான்கு மூட்டைதான். சேவலும் சரி.

மசாலா டப்பாக்களின் அடியில் விரித்திருந்த பேப்பரை மாற்றினேன். 1991-ஆம் வருஷத்துப் பேப்பர். பாக்கியம் ஏதோ பட்டம் வாங்குகிற படம் அதில் இருக்கிறது. எண்ணெய் படாமல் இருந்தது. மடித்து வேறு இடத்தில் வைத்தேன். அலமாரிக்குப் பேப்பர் எப்போதும் வேண்டியிருக்கிறது.

23 ஜூலை, ஞாயிறு

ஆடிக் கஞ்சி. பெரிய பானை. தெருவில் பாதிப் பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுக்காரி கருவாட்டுக் குழம்பில் உப்புக் குறைவு என்றாள். குறித்துக்கொண்டேன்.

பாக்கியத்தின் பெயரை வாயால் சொல்லாமல் ஐந்து நாள் ஆகிறது. தொண்டையில் மீன்முள் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் வெளியே விடவில்லை.

இரண்டாம் மதிப்பீட்டாளரின் பதினோராவது எண் இன்று எல்லாருக்கும் தெரிந்தது. லோஷ்னிதான் பொதுவாக எடுத்துச் சொன்னாள்: "பக்கம் பதினான்கில், ஒரு சிநேகிதி காட்டிக்கொடுத்ததாகப் பங்கேற்பாளர் ஏழு சொல்கிறார். இதற்கு வேறு சான்று இல்லை. உயிரோடு இருக்கக்கூடிய ஒருவர்மேல் விழும் பழி இது. அன்று காலை அங்கே இருந்த இன்னொருவரைக் கேட்டு எழுதவும், அல்லது நீக்கவும்."

"வேற சான்றாம்! நான் சொல்றது பத்தாதாம்" என்றேன்.

"ஆமாக்கா" என்றான் குப்பன்.

"சின்னத் தாத்தா, நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்கல்ல? எட்டு வயசு?" என்றாள் லோஷ்னி. "நீங்கதான் பங்கேற்பாளர் எட்டு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. பத்து நிமிஷம் பேசினா போதும்."

குப்பன் கண்ணாடியைத் தேடினான். சட்டைப்பையில் தேடினான், காரில் தேடினான். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. பிரின்ஸ்கூட அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் கஞ்சிக் கிண்ணத்தைப் படிவத்தின்மேல் கவிழ்த்துவிட்டான். வயசாகிறது தம்பிக்கு. கஞ்சியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டான். பாத்திரத்தில் போட்டுக் கொடுத்ததையும் மறந்துவிட்டுப் போனான்.

30 ஜூலை, ஞாயிறு

குப்பன் வரவில்லை. கார் பேட்டரி இறங்கிவிட்டதாம். அவன் பெண்சாதி செத்த பதினாறு வருஷத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை. 2019 வெள்ளத்திலும் பேண்ட்டை மடித்துக்கொண்டு வந்தான்.

சமோசா இல்லாமல் டீ குடித்தோம்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தான். இரண்டு பொட்டலம் சமோசா. ஒன்று கறி, ஒன்று சோளம். சோளம் எனக்குப் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

முன்னறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான். லோஷ்னி போனை மேஜைமேல் வைத்துப் பதிவு செய்தாள். நான் அடுப்பங்கரையில் இருந்தேன். குழாயை மூடித்தான் வைத்திருந்தேன்.

"மறுநாள் காலைல என்னா நடந்துச்சு, சின்னத் தாத்தா?"

"வாத்தியாரு குழாயடில நின்னுக்கினு இருந்தாரு. மூஞ்சில அரிதாரம் பாதி போயி, பாதி இருந்துச்சு. பாக்கியம் தண்ணிக்கு வந்துச்சு. 'யாரு புள்ளே நேத்து அடி எடுத்துக் குடுத்தது'ன்னு அதுகிட்டதான் மொதல்ல கேட்டாரு. தெரியாதுன்னுச்சு. ரெண்டாந்தரம் கேட்டாரு. தெரியாதுன்னுச்சு. கொடத்தைத் தள்ளிவிட்டு ஒரு அறை விட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கினே கேட்டாரு. 'யார்றா அது, அவ்ளோ ஞாபகசக்தி?' மெச்சிக்கத்தான் கேக்குறாருன்னு நெனச்சிட்டேன்மா. 'எங்கக்கா'ன்னேன். நெஞ்சை நிமித்திக்கினு சொன்னேன்."

அடுப்பில் இருந்த பருப்பை நான் கிண்டவில்லை.

"ஏன் தாத்தா இத்தினி வருஷம் சொல்லல?"

"அக்கா அன்னிக்கு மத்தியானமே பாக்கியம்னு முடிவு கட்டிருச்சு. அது முடிவு கட்டினப்புறம் அதுகிட்ட யாரு பேசுறது? நீ பேசுவியா?"

லோஷ்னியும் பேசமாட்டாள்.

பருப்பு அடி பிடித்துவிட்டது. இந்தச் சட்டியில் முதல் தடவை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போய்விட்டது. குப்பனுக்கும் சாப்பாடு போட்டேன். மூன்று பேரும் அடிபிடித்த பருப்பைச் சாப்பிட்டோம். நன்றாக இருக்கிறது என்றான் குப்பன்.

7 ஆகஸ்ட், திங்கள்

துணி துவைத்தேன். காயவைத்தேன். காய்ந்ததையே மறுபடி துவைத்தேன்.

14 ஆகஸ்ட், திங்கள்

இன்று பதில் கடிதம் எழுதினோம். மதிப்பீட்டாளர் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் எண் போட்டுப் பதில் எழுத வேண்டும். திட்டினாலும் முதலில் நன்றி சொல்லவேண்டும். அது அவர்கள் பழக்கம். நல்ல பழக்கம்தான். சம்பந்தி வீடுகளில் இதைக் கொண்டுவரலாம்.

முதல் மதிப்பீட்டாளரின் ஞாபகக் கேள்விக்கு என்ன எழுத என்றாள் லோஷ்னி. நோட்டின் எழுபத்திரண்டு பக்கத்தையும் தொடக்கத்திலிருந்து சொன்னேன். ஒன்றே முக்கால் மணி நேரம். பதிவு செய்து, "பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறோம், நன்றி" என்று எழுதினாள். அப்பா நோட்டின் பழுப்பேறிய பக்கங்களைப் படம் எடுத்துச் சேர்த்தாள். மூன்று இடத்தில் நோட்டில்தான் பிழை.

பிறகு லோஷ்னி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆயா, படிவத்தை மாத்திரலாம். புதுசா கையெழுத்துப் போட்டா உன் பேரையே போடலாம். கமிட்டி ஒத்துக்கும். ஆனா இப்ப போட்டா, பேரைப் பாத்ததும் அவங்க விலகியாகணும். தெரிஞ்சவங்கன்னு எழுத்துல வந்துருமே. அச்சுக்குப் போனப்புறம் மாத்த விடுவாங்களான்னு தெரியல. நீ சொல்லு. நீ சொல்றபடி செய்றேன். என் வேலையைப் பத்தி நெனைக்காத."

இந்த முறை கேட்டாள். அதையும் குறித்துக்கொள்கிறேன்.

என் பெயர் அச்சில் வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரும் மாமனார் பெயரும்தான்; என்னை 'மணமகள்' என்று போட்டிருந்தார்கள். கோவில் கல்வெட்டில் 'மனைவி'. வெளியே போய்க் கீரைக்குத் தண்ணீர் விட்டேன். கீரைக்கு நேற்றே விட்டாகிவிட்டது.

திரும்பி வந்து, "ஏழுன்னே இருக்கட்டும்டி" என்றேன். "ராசியான நம்பருதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். தடுமன் பிடித்திருக்கும்.

நான்காம் எண்ணுக்கும் பதினோராம் எண்ணுக்கும் பதில் நான்தான் சொன்னேன். லோஷ்னி இங்கிலீஷாக்கினாள். நான் சொன்னபடி இங்கே:

"நான்கு. மதிப்பீட்டாளருக்கு நன்றி. திரை மாவு மூட்டைதான். பங்கேற்பாளர் ஏழு உறுதி செய்கிறார். சேவல் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்றும் சொல்கிறார்.

பதினொன்று. மதிப்பீட்டாளருக்கு நன்றி. இன்னொருவரைக் கேட்டோம். சிநேகிதி சொல்லவில்லை. அறை வாங்கியும் சொல்லவில்லை. பங்கேற்பாளர் ஏழு அறுபத்தேழு வருஷம் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வரி நீக்கப்பட்டது. அந்தக் குடம் உடைந்ததா என்று பங்கேற்பாளர் கேட்கிறார்."

"கடைசி வரியை அனுப்ப முடியாது ஆயா" என்றாள்.

"ஆராய்ச்சிக்குத் தேவை" என்றேன்.

அனுப்பினாள்.

17 செப்டம்பர், ஞாயிறு

குப்பன் வந்தான். சமோசா. நான் ஏதாவது சொல்வேன் என்று அரை நாள் காத்திருந்தான். மழையைப் பற்றிப் பேசினோம்.

11 அக்டோபர், புதன்

எடிட்டர் அம்மாளின் கடிதம். லோஷ்னி வேலை இடத்திலிருந்து போன் செய்து, அழுதுகொண்டே படித்தாள். கட்டுரை ஏற்கப்பட்டது.

முதல் மதிப்பீட்டாளர் ஒரே வரி: "ஞாபகம் குறித்த என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்." பிழைத்துப் போகட்டும்.

இரண்டாம் மதிப்பீட்டாளர், கட்டுரையை ஏற்கலாம் என்று எழுதிவிட்டு எடிட்டருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறார். அதை எங்களுக்கும் அனுப்பலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். "இந்தப் பங்கேற்பாளரைச் சிறுவயதில் எனக்குத் தெரிந்திருக்கக்கூடும். முதல் முறை படித்தபோதே அந்தச் சந்தேகம் வந்தது. அப்போதே சொல்லி விலகியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அது என் தவறு. என் மதிப்பீட்டை ஒதுக்கிவைப்பதென்றால் ஒதுக்கிவைக்கலாம். ஆனால் ஒன்று. பெயரை மறைப்பது எல்லாருக்கும் காப்பு ஆகாது. இந்தக் கூத்தில் பெண்கள் பெயர் ஏற்கெனவே ஒரு தடவை மறைக்கப்பட்டாயிற்று. அவர் விரும்பினால் அவரைப் பெயர் சொல்லி எழுதுங்கள். குடம் உடையவில்லை, நெளிந்தது." கீழே கையெழுத்து. முழுப் பெயர்.

எடிட்டர் அந்த மதிப்பீட்டை ஒதுக்கிவிட்டுக் குழுவில் இன்னொருவரை அவசரமாகப் படிக்க வைத்தாராம். அவரும் ஏற்கலாம் என்றாராம். அதனால்தான் மூன்று வாரம் தாமதம் என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். யார் யாரெல்லாமோ மன்னிப்புக் கேட்கிறார்கள்.

பால் பாயசம் வைத்தேன். ருக்மணிக்கு முந்திரி கூடுதலாகப் போட்டேன். அவள் அம்மா செய்ததற்கு அவள் என்ன செய்வாள்?

15 நவம்பர், புதன்

அச்சுக்கு முன்னால் சரிபார்க்கும் பக்கங்கள் வந்தன. நாற்பத்தெட்டு மணி நேரம் கெடு. நொக்வாஸியும் லோஷ்னியும் ஆளுக்கொரு முனையில் படித்தார்கள். புதுப் படிவத்தில் சரியான கட்டத்தில் நானே கோடு போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது. குப்பன் தன் படிவத்தில் ஞாயிறே அதே கட்டத்தில் கோடு போட்டுவிட்டான்.

பன்னிரண்டு இடத்தில் 'ஏழு' போய் என் பெயர் வந்திருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. நொக்வாஸி என் விரலைப் பிடித்து ஒவ்வோர் இடமாக வைத்தாள். "இது நீங்க கோகோ. இதுவும் நீங்க." பதின்மூன்றாவது இடத்தில் ஒரு 'ஏழு' மாறாமல் இருந்தது. விரலால் வடிவத்தைப் பழகியிருந்ததால் நான்தான் கண்டுபிடித்தேன்.

லோஷ்னிக்கு வேலை நிரந்தரம். கடிதம் வெள்ளிக்கிழமை வருகிறதாம். வரட்டும், பிறகு எழுதுகிறேன்.

17 நவம்பர், வெள்ளி

வந்தது.

28 நவம்பர், செவ்வாய்

காலை பத்து மணிக்குப் போன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நம்பர்.

"சாலாட்சியா?"

"ஆமா."

"மூட்டை எத்தினி?"

"நாலு."

"நான்தான்" என்றாள்.

அவளுக்கும் மூட்டுவலியாம். எந்தத் தைலம் என்று சொன்னாள். எழுதி வைத்துக்கொண்டேன்.

10 டிசம்பர், ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். தேவா. ருக்மணி. லோஷ்னி. நொக்வாஸி. குப்பன், சமோசாவோடு. பிரின்ஸ். பாக்கியம்.

பத்திரிகை தபாலில் வந்துவிட்டது. தடிமனாக, நீல அட்டை. நல்ல கனம். இந்தப் பத்திரிகை கம்ப்யூட்டரில்தான் வரும், தாளில் கேட்டு வாங்குவது நாங்கள் மட்டும்தான் என்றாள் லோஷ்னி. மேஜை நடுவில் வைத்தோம். யாரும் குழம்புக் கையால் தொடக் கூடாது என்றேன். பாக்கியம் தொட்டாள். விட்டுவிட்டேன்.

பாக்கியம் குள்ளமாகிவிட்டாள். சேலை கட்டத் தெரியாதவள் மாதிரி பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மட்டன் கறியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

"உனக்குக் கோவமே வரலியா?" என்று கேட்டேன். "இத்தினி வருஷம் ஊர் பூரா உன்னைப் பத்திச் சொல்லிக்கினு திரிஞ்சேனே."

"கோவம் வராம? 1974-ல டவுன்ல பஸ்ல என்னைப் பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்ட. பச்சைச் சேலை. பக்கத்துல ஒரு பை வெங்காயம்."

எட்டு கிலோ வெங்காயம். சரியாகச் சொன்னாள். எனக்குச் சமமாக ஒருத்தி இந்த நாட்டில் இருக்கிறாள். இது தெரியாமல் இத்தனை வருஷம் போய்விட்டது.

"ஆனா ஒண்ணு" என்றாள். "சேவல் எடப்பக்கம் பாக்கல. வலப்பக்கம்."

"எடப்பக்கம்."

"வலப்பக்கம்டி. நான் உனக்கு வலது கைப் பக்கம் உக்காந்திருந்தேன். என்னைத்தான் பாத்துக்கினு இருந்துச்சு."

"உன்னை எதுக்குப் பாக்குது? அடி எடுத்துக் குடுத்தது நானு. குப்பா, நீயே சொல்லுடா. எடப்பக்கம்தானே?"

"ஆமாக்கா" என்றான் குப்பன்.

"வலப்பக்கம்தானே குப்பா?" என்றாள் பாக்கியம்.

"ஆமாக்கா" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நொக்வாஸிக்கு லோஷ்னி மொழிபெயர்த்ததும் அவள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். குப்பனும் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பாக்கியம் போகும்போது அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றாள். முன்பக்கம் சாயம் போட்டது யார் என்று இன்னும் தீரவில்லை.

வருஷம் முடிகிறது, கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். முதல் மதிப்பீட்டாளரை, பெயர் தெரியாவிட்டாலும், மன்னித்தேன். ருக்மணியின் அம்மாவை மன்னித்தேன். உருளைக்கிழங்கு நன்றாகத்தான் வெந்திருந்தது. கூத்து வாத்தியார் செத்தபோது நான் துக்கம் கேட்கப் போகவில்லை, அதோடு அந்தக் கணக்குச் சரி. எதிர்வீட்டுக்காரியையும் விட்டேன். குழாயடியில் நெஞ்சை நிமிர்த்தி 'எங்கக்கா' என்று சொன்ன எட்டு வயசுப் பிள்ளையை மன்னிக்க என்ன இருக்கிறது? என்னைப் பற்றி அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்.

ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து, மீசை வைத்து, மீசை நரைத்து, ஞாயிறுதோறும் என் மேஜையில் என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, நான் பாக்கியத்தைத் திட்டும்போதெல்லாம் 'ஆமாக்கா' என்றானே. அடுத்த ஞாயிறும் வருவான். சோறு போடுவேன், சோள சமோசாவை வாங்கிக்கொள்வேன். மன்னிக்க மட்டும் மாட்டேன். அவன் பெயரும் முழுதாக அச்சில் வந்திருக்கிறது, பக்கம் பதினான்கில், எனக்கு இரண்டு வரி கீழே:

குப்புசாமி.